80% பிளவு, 12% பிளாஸ்டோசிஸ்ட்: மாட்டுக் கருக்கள் 8 செல்லில் நின்றுபோவது ஏன்?

கேள்வி

வணக்கம். இறைச்சிக்கூடத்துச் சினைப்பைகளிலிருந்து முட்டை எடுத்து ஆய்வகத்தில் கரு வளர்க்கிறோம். டி.சி.எம்-199 ஊடகத்தில் (வளர்ப்பு நீர்மம்) 10% சீரம், எஃப்.எஸ்.ஹெச் ஹார்மோன் சேர்த்து 24 மணி நேரம் முதிரவிடுகிறோம். விந்தணுவோடு 18 மணி நேரம். பிறகு கரு வளர்க்கும் எஸ்.ஓ.எஃப் ஊடகம், 38.5 டிகிரி, 5% கார்பன் டை ஆக்சைடு, மீதி சாதாரணக் காற்று. 48 மணி நேரத்தில் 80% பிளந்துவிடுகின்றன, அதாவது இரண்டோ அதற்கு மேலோ செல்களாகப் பிரிகின்றன. ஆனால் 8-ஆம் நாளில் பிளாஸ்டோசிஸ்ட் (உள்ளே நீர்க்குழி உருவான முன்னேறிய கரு) 12% தேறுவதே பெரும்பாடு. பெரும்பாலானவை 8 செல்லோடு நிற்கின்றன. கோளாறு முட்டையிலா, வளர்ப்பிலா?

பதில் 1

அவை 8 செல்லில் நிற்பதே நல்ல துப்பு. மாட்டுக் கருவின் சொந்த மரபணுக்கள் முழுவீச்சில் இயங்கத் தொடங்குவது 8 முதல் 16 செல் கட்டத்தில்தான். அதுவரை, முட்டை வளர்ந்தபோது சேர்த்துவைத்த ஆர்.என்.ஏ, புரதக் கையிருப்பில்தான் காலம் ஓடுகிறது. கையிருப்பு குறைந்த முட்டைகூட இரண்டு மூன்று முறை பிளந்துவிடும். எனவே 80% பிளவை முட்டைத் தரத்துக்குச் சான்றாக எடுக்காதீர்கள்.

48 மணியில் பிளந்ததா இல்லையா என்று மட்டும் பார்க்காமல், எத்தனை செல் என்று பிரித்து எண்ணுங்கள். அந்நேரம் இன்னும் 2, 3 செல்லாக இருப்பவை பிளாஸ்டோசிஸ்ட் ஆவது அரிது. அவை அதிகமென்றால் முதலில் முட்டையைச் சந்தேகியுங்கள். எல்லாம் நேரத்துக்கு 8 செல்லாகி அங்கேயே உறைந்தால் வளர்ப்புச் சூழலைப் பாருங்கள்.

எந்த அளவு ஃபாலிக்கிளிலிருந்து (சினைப்பையில் முட்டை இருக்கும் நீர்ப்பை) உறிஞ்சுகிறீர்கள்? 2 முதல் 8 மி.மீ. சரி. அதற்கும் சிறியவற்றில் முட்டை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும். சுமார் 3 மி.மீ. ஃபாலிக்கிளில்தான் அது 110 மைக்ரோமீட்டர் விட்டத்தைத் தொடுகிறது. முட்டையைச் சூழ்ந்திருக்கும் கியூமுலஸ் செல்கள் குறைந்தது மூன்று அடுக்கு இருக்கட்டும். வெளி அடுக்கு லேசாகத் தளர்ந்திருந்தால் ஒதுக்க வேண்டாம், அவற்றில் நல்ல முட்டைகள் நிறைய உண்டு. ஒதுக்க வேண்டியவை கியூமுலஸ் இல்லாதவையும் சைட்டோபிளாசம் (முட்டையின் உட்பொருள்) வெளிறிக் கண்ணாடிபோல் தெரிபவையும்.

கண்ணை நம்ப முடியாவிட்டால் பிரில்லியண்ட் கிரெசில் ப்ளூ சாயம், 26 மைக்ரோமோலார், 90 நிமிடம். வளரும் முட்டையிலுள்ள ஜி6பிடி நொதி சாயத்தை நிறமிழக்கச் செய்யும். வளர்ந்து முடித்தது நீலமாகவே இருக்கும், நீலத்தை எடுங்கள்.

பதில் 2

மேலே சொன்னது சரி. ஆனால் "மீதி சாதாரணக் காற்று" என்ற சொல்லைத் தாண்டிப்போக முடியவில்லை. காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 20%. கருக்குழாயிலும் கருப்பையிலும் அதைவிட வெகு குறைவு. எஸ்.ஓ.எஃப்-இல் துணைச் செல்கள் இல்லாமல் வளர்க்கும்போது 5% ஆக்சிஜன், 5% கார்பன் டை ஆக்சைடு, 90% நைட்ரஜன் வேண்டும். முதிர்ச்சிக்கும் கருவூட்டலுக்கும் சாதாரணக் காற்று போதும். மூவாயு இன்குபேட்டர் இல்லையென்றால், இந்தக் கலவை வாயுவை நிரப்பி மூடிய பையில் தட்டை வைத்து, அதைச் சாதாரண இன்குபேட்டருக்குள் வைக்கலாம்.

அடுத்த சந்தேகம் எண்ணெய். வெளிச்சத்திலும் சூட்டிலும் கிடந்த மினரல் ஆயிலில் பெராக்சைடு சேரும். பிளவு விகிதத்தில் அது தெரியாது, பிளாஸ்டோசிஸ்ட்டில்தான் அடிக்கும். புது பாட்டில் ஒவ்வொன்றையும் பழையதோடு ஒப்பிட்டுச் சோதித்த பிறகே பயன்படுத்துங்கள். 50 மைக்ரோ லிட்டர் துளிக்கு 25 கருக்கள் நல்ல கணக்கு. நாலைந்து மட்டும் போட்டால் தளர்ந்துபோகும்.

பதில் 3

விந்தணுவை யாரும் தொடவில்லையே. அதே தொகுதியில் 30 முட்டைகளை விந்தணு இல்லாமலே பிளக்கும்படி வேதிப்பொருள்களால் தூண்டிவிடுங்கள்: 24 மணி முதிர்ந்தபின் கியூமுலஸ் நீக்கி, அயனோமைசின் 5 மைக்ரோமோலாரில் 5 நிமிடம், கழுவி, 6-டி.எம்.ஏ.பி. 2 மில்லிமோலாரில் 4 மணி நேரம், பிறகு அதே வளர்ப்புத் துளி. இவை நன்றாகப் பிளாஸ்டோசிஸ்ட் ஆனால் முட்டையும் ஊடகமும் தப்பின. காளையையோ விந்து தயாரிப்பையோ பாருங்கள். இவையும் 8 செல்லில் நின்றால் காளையை மாற்றிப் பயனில்லை.

18-ஆம் மணியில் பத்துப் பதினைந்தை எடுத்து டி.என்.ஏ-வைக் காட்டும் ஹோயெக்ஸ்ட் சாயமிட்டு முன்கருக்களை (கருவுற்ற முட்டைக்குள் முட்டைக்கும் விந்தணுவுக்கும் உரிய தனித்தனி உட்கருக்கள்) எண்ணுவதும் அவசியம். இரண்டுக்கு மேல் அடிக்கடி தெரிந்தால் பல விந்தணுக்கள் நுழைகின்றன. மில்லி லிட்டருக்கு 10 லட்சம் விந்தணுவைத் தாண்டியிருந்தால் குறையுங்கள். இப்படிப்பட்ட கருக்களும் பிளவில் நல்ல எண்ணிக்கை காட்டி ஏமாற்றும்.

கேட்டவர்

மிக்க நன்றி. 48 மணியில் பாதிக்கு மேல் 2–4 செல்தான். கண்ணில் பட்ட ஃபாலிக்கிள் எல்லாவற்றையும் உறிஞ்சியிருக்கிறோம். சினைப்பைகள் 37 டிகிரி உப்புநீரில் 5 மணி நேரம் பயணிக்கின்றன.

பதில் 1

அப்படியானால் முட்டையிலிருந்தே தொடங்குங்கள். ரத்த ஓட்டம் நின்ற சினைப்பையை 37-இல் வைத்தால் செல்கள் முழுவேகத்தில் ஆக்சிஜனைத் தின்று தீர்க்கும், ஃபாலிக்கிள் நீர் அமிலமாகும். 25–30 டிகிரிக்கு இறக்கி, 3–4 மணிக்குள் கொண்டுவரப் பாருங்கள். அடுத்த வாரம் வெப்பநிலையையும் ஃபாலிக்கிள் அளவையும் திருத்துங்கள். அதிலேயே முட்டைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் 5% ஆக்சிஜன் கொடுங்கள். ஒரே தொகுதிக்குள் ஒப்பிட்டால்தான் ஆக்சிஜனின் பங்கு தனியாகத் தெரியும். சினைப்பைத் தொகுதிகள் நாளுக்கு நாள் மாறுபவை.