பாட்டி குரல் இருக்கும் கேசட்டைக் காப்பாற்ற உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. எங்கள் பாட்டி போன மாதம் தவறிவிட்டார். அவர் ரப்பர் தோட்டத்தில் மரம் சீவிப் பால் எடுத்த காலத்துப் பாட்டுகளை மாமா ஒரு கேசட்டில் பதிந்து வைத்திருந்தார். நடுநடுவே வெற்றிலை இடிக்கும் சத்தம்கூடக் கேட்கும். அவர் குரல் என்று எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான்.

இப்போது நாடாவின் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சை. நாடாவை, ஒலியைப் படிக்கும் ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சும் உதிர்ந்துவிட்டது. இப்படியே ஓடவிட்டால் நாடா சிக்கி அறுந்துவிடலாம், அதனால் யாரையும் தொடவிடவில்லை.

பினாங்கிலோ பட்டர்வொர்த்திலோ, பூஞ்சையைச் சுத்தம் செய்து, பஞ்சு மாற்றி, கணினியில் ஏற்றித் தருகிறவர் யாராவது இருக்கிறார்களா? தபாலில் அனுப்ப மனம் வரவில்லை, நேரிலேயே கொண்டு வருகிறேன். அவசரமில்லை, பக்குவமாகச் செய்கிற கைதான் வேண்டும். கேசட் என்னவாயிற்று என்று அம்மா தினமும் விசாரிக்கிறார். தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.