1,150 ரூபாய்க்கு என் மொத்த அக்கவுண்ட்டையும் முடக்கிட்டாங்க, யார்கிட்ட போறதுங்க?

கரூர் நைட்டிக்கடை:

கரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் நைட்டி, இன்ஸ்கர்ட், துண்டு விக்கிற சின்னக் கடை என்னுதுங்க. சரக்கெல்லாம் ஈரோடு கனி மார்க்கெட்ல எடுக்கிறது. போன வாரம் அங்க மூட்டை கட்டி முடிச்சு, போன்ல பணம் அனுப்பினா போகவே இல்ல. வியாபாரி பழக்கமானவர், கடனா எடுத்துட்டுப் போங்கன்னு விட்டார்.

மறுநாள் பேங்க்ல கேட்டா, வேற மாநிலத்து சைபர் கிரைம் போலீஸ் சொல்லி அக்கவுண்ட்டை ஃப்ரீஸ் பண்ணியிருக்காங்களாம். என் கடையில யாரோ ஸ்கேன் பண்ணிக் குடுத்த 1,150 ரூபாய், எங்கேயோ ஒருத்தரை ஏமாத்தி எடுத்த பணத்துல இருந்து வந்ததாம். ரெண்டு நைட்டி, ஒரு இன்ஸ்கர்ட் விலை அது. அக்கவுண்ட்ல இருந்தது ஒண்ணே முக்கால் லட்சத்துக்கு மேல. மகளிர் குழு தவணை, கடை வாடகை, பையனோட காலேஜ் ஃபீஸ் எல்லாம் அதுலதான்.

பேங்க்ல போலீஸைக் கேளுங்கறாங்க. போலீஸ் நம்பர் அடிச்சுக்கிட்டே இருக்கு, எடுத்தா இந்தியில மெயில் பண்ணச் சொல்லி வெச்சுடறாங்க. மெயிலுக்குப் பதில் இல்ல. பணம் வாங்குற ஆப்ல உதவின்னு தொட்டா மெஷின்தான் பேசுது, உங்க வங்கியைத் தொடர்பு கொள்ளுங்கன்னு. ஒரு மனுஷன்கிட்ட பேச வழியே இல்லைங்க.

ஸ்கேன் அட்டையை நான் கேட்டு வாங்கலை. கம்பெனி ஆளுங்க கடை கடையா வந்து ஒட்டிட்டுப் போனாங்க. டிஜிட்டல்ல வாங்குங்கன்னு அரசாங்கம் ஊரெல்லாம் விளம்பரம் பண்ணுச்சு. பணம் வந்தா பெட்டி சத்தமா சொல்லும், போன்ல ஒரு பேர் தெரியும், அவ்வளவுதான். அந்த ஆளுக்குப் பணம் எங்கிருந்து வந்துச்சுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அந்த 1,150-ஐ வேணும்னா பிடிச்சு வெச்சுக்கட்டும். மீதியையும் முடக்க இவங்களுக்கு அதிகாரம் இருக்குதுங்களா? யாருக்கு, எப்படி எழுதணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஓய்வுபெற்ற வங்கிக்காரர்:

அம்மா, இது எப்படி நடக்கிறது என்று முதலில் சொல்கிறேன். பணத்தைப் பறிகொடுத்தவர் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு போன் செய்கிறார், அல்லது உள்துறை அமைச்சகத்தின் சைபர் கிரைம் போர்ட்டலில் புகார் போடுகிறார். பணம் முதலில் போன கணக்கு முதல் லேயர். அங்கிருந்து பிரிந்து போனவை இரண்டாவது, மூன்றாவது என்று போய்க்கொண்டே இருக்கும். திருடன் அந்தப் பணத்தில் டீ குடித்தால் டீக்கடைக்காரரும் ஒரு லேயர். துணிக்கடை, பெட்ரோல் பங்க், மெடிக்கல் ஷாப் எல்லாம் இப்படித்தான் மாட்டுகின்றன. புகார் வந்தவுடன் பணத்தை நிறுத்துவது அவசியம், இல்லையென்றால் பறிகொடுத்தவருக்கு ஒரு பைசா திரும்பாது. ஆனால் திருடனையும் வியாபாரியையும் பிரித்துப் பார்க்கும் வேலையை அதே வேகத்தில் செய்ய யாரும் இல்லை.

வங்கியின் தவறையும் மறைக்க மாட்டேன். குறிப்பிட்ட தொகைக்கு மட்டும் லியன் போட எல்லா வங்கியிலும் வசதி உண்டு. போட்டால் அந்தத் தொகை மட்டும் நிற்கும், மீதி புழங்கும். பின்னால் கேள்வி வந்துவிடுமோ என்ற பயத்தில் முழுக் கணக்குக்கும் பணம் வெளியே போகாதபடி டெபிட் ஃப்ரீஸ் போட்டுவிடுகிறார்கள்.

கவுன்டரில் வாயால் கேட்காதீர்கள். கடிதமாகக் கொடுத்து, நகலில் சீல் போட்டு வாங்குங்கள். முடக்கச் சொன்னது எந்தக் காவல் நிலையம், புகாரின் அக்னாலெட்ஜ்மென்ட் நம்பர் என்ன, எந்தச் சட்டப் பிரிவு, எவ்வளவு தொகை, வந்த மெயிலின் நகல் இவ்வளவும் கேளுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் புகார் செய்யலாம், 14448-இல் கேட்டால் வழி சொல்வார்கள். போலீஸ் உத்தரவை அவர் ரத்து செய்ய மாட்டார். ஆனால் 1,150-க்குப் பதிலாக முழுப் பணத்தையும் ஏன் நிறுத்தினீர்கள் என்று வங்கியைக் கேட்க வைக்கலாம்.

ஓசூர் பழக்கடை:

அக்கா, எனக்கும் இதே கதிதான் நடந்துச்சு, நம்ம ஆளு ஒருத்தர் நேர்ல போய்ப் பேசித்தான் விடுவிச்சோம். இப்ப ஸ்கேனுக்குன்னு தனி அக்கவுண்ட். ராத்திரி கடை சாத்தும்போது மொத்தத்தையும் வேற பேங்குக்கு மாத்திடுவேன். நீங்களும் அப்படிப் பண்ணுங்க, முடக்கினாலும் அன்னிக்கு வசூல்தான் மாட்டும்.

எங்களுக்குப் பக்கத்துல பெங்களூர். 2025 ஜூலையில அங்க யுபிஐ வரவைக் கூட்டிப் பார்த்து சின்னக் கடைக்கெல்லாம் ஜிஎஸ்டி நோட்டீஸ் விட்டாங்க. காய்கறி, பால் விக்கிறவங்க பயந்துபோய் ஸ்கேன் அட்டையைக் கிழிச்சுட்டு 'காசு மட்டும்'னு எழுதி ஒட்டினாங்க. நானும் ஒட்டிப் பார்த்தேன். கம்பெனிப் பசங்க பையில காசே இல்ல, எடுத்த ஆப்பிளைத் திரும்ப வெச்சுட்டுப் போறாங்க.

மதுரை வக்கீல்:

கேள்விக்கு நேராக வருகிறேன். போலீஸ் பெரும்பாலும் சொல்வது புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 106-ஆவது பிரிவு, பழைய சிஆர்பிசி 102. குற்றத்தோடு தொடர்புள்ளதாகச் சந்தேகிக்கும் சொத்தைக் கைப்பற்ற அது அதிகாரம் தருகிறது. ஆனால் கைப்பற்றியதை உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. பல வழக்குகளில் இதைச் செய்வதே இல்லை. எஃப்ஐஆர் கூட இல்லாமல் போர்ட்டல் புகாரை மட்டும் வைத்து முடக்கியதைப் பார்த்திருக்கிறேன்.

சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்தினால் போதும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் சொன்னது. முழுக் கணக்கையும் முடக்குவது வாழ்வாதாரத்தைப் பாதிக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2024-இல் சொல்லியிருக்கிறது. வங்கிக்கும் போலீசுக்கும் எழுதும்போது இரண்டையும் குறிப்பிடுங்கள். அன்றைய பில், சரக்கு வாங்கிய பில், கடை உரிமம், ஆறு மாத ஸ்டேட்மென்ட் இணைத்து, மெயிலோடு நிற்காமல் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். 1,150-ஐ நிறுத்தி வைக்கச் சம்மதம் என்று தெளிவாக எழுதுங்கள்.

பழக்கடைக்காரர் சொன்ன தனிக் கணக்கு நல்ல தற்காப்பு. ஆனால் நேர்மையாக வியாபாரம் செய்கிறவர் தன் பணத்தைத் தானே ஒளித்து வைக்க வேண்டிய நிலைக்கு அரசு தள்ளியிருப்பது எனக்குச் சகிக்கவில்லை.

கரூர் நைட்டிக்கடை:

எல்லாருக்கும் நன்றிங்க. பேங்க்கார சார் சொன்ன மாதிரி எழுதிக் குடுத்தேன், மேனேஜர் போலீஸ் அனுப்பின மெயில் நகலைக் கொடுத்துட்டார். அதுல 1,150-னு தெளிவா இருக்கு. சட்டப் பிரிவு எதுவும் இல்ல.

இன்னொண்ணும் சொல்லணும். யுபிஐல எந்த ஆப்பும் மொத்தப் பரிவர்த்தனையில 30 சதவீதத்துக்கு மேல கையில வெச்சிருக்கக் கூடாதுன்னு, யுபிஐயை நடத்துற என்பிசிஐ 2020 நவம்பர்லயே சொல்லியிருக்கு. ஃபோன்பே, கூகுள்பே ரெண்டு மட்டுமே கிட்டத்தட்ட 80 சதவீதம் வெச்சிருக்கு. அந்தக் கெடுவைத் தள்ளித் தள்ளி இப்ப 2026 டிசம்பர் கடைசி வரைக்கும் கொண்டுவந்துட்டாங்க. திடீர்னு நிறுத்தினா மக்களுக்குக் கஷ்டம்ங்கற நியாயம் எனக்கும் புரியுது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கு ஆறு வருஷம் அவகாசம் குடுக்கத் தெரிஞ்சவங்க, எனக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பி ரெண்டு நாள்ல பில்லைக் காட்டுன்னு கேட்டிருக்கலாமே. நான் பில்லு புக்கோட பேங்க் வாசல்ல நின்னிருப்பேன். முடக்கினதைக்கூட யாரும் சொல்லலைங்க, மார்க்கெட்ல பத்துப் பேர் பார்க்கத்தான் தெரிஞ்சுது.

வக்கீல் சாருக்கு ஒரு கேள்வி. பேங்க் அசையலைன்னா கோர்ட்டுக்கு அந்த மாநிலத்துக்கே போகணுங்களா?

மதுரை வக்கீல்:

வேண்டாம். உங்கள் வங்கிக் கிளை கரூரில் இருப்பதால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையிலேயே ரிட் மனு போடலாம், கரூர் மாவட்டம் இங்கேதான் வருகிறது. வங்கியையும் அந்தக் காவல் நிலையத்தையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்ப்போம். ஆனால் அதற்கு முன் அந்த மெயிலைக் காட்டி, 1,150-க்கு மட்டும் லியன் வைத்து மீதியை விடுவிக்கும்படி கிளை மேலாளருக்கும் இப்படிப்பட்ட புகார்களைக் கவனிக்கும் வங்கியின் நோடல் அதிகாரிக்கும் இன்றே எழுதுங்கள். போலீஸ் கேட்ட தொகை அவ்வளவுதான் என்று அவர்கள் கையில் இருக்கும் காகிதமே சொல்கிறது.