வயிற்றுச் சுற்றளவு மட்டும் பின்தங்கியபோது: ஸ்கேன் அறை அனுபவங்கள்

மருத்துவ அலுவலர், கல்வராயன் மலைப்பகுதி:
கடைசி மாதவிடாய் எப்போது என்று கேட்டதற்கு, "ஆடிப்பெருக்குக்கு நாலு நாள் முன்னாடி தலைக்கு ஊத்தினேன்" என்றார் அந்தப் பெண். அந்தக் கணக்கில் அன்று 31 வாரம். தலைச் சுற்றளவும் தொடை எலும்பும் 29 வாரத்தைக் காட்டின. வயிற்றுச் சுற்றளவோ 26-ஐத் தாண்டவில்லை. தொடக்கத்தில் எடுத்த ஸ்கேன் இல்லாததால், நாள்கணக்குப் பிசகா, பிள்ளைக்குச் சத்துப் போய்ச் சேரவில்லையா என்பதை ஒரே ஒரு முறை எடுத்த அளவைக் கொண்டு அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. நாள்கணக்கு மட்டும் பிசகியிருந்தால் எல்லா அளவும் ஒன்றாகவே பின்தங்கியிருக்கும். தலையைவிட வயிறு பின்தங்கியதுதான் என்னை உறுத்தியது. ஜெல்லைத் துடைக்க அவர் கையை உயர்த்தியபோது கண்ணாடி வளையல்கள் முழங்கை வரை சரிந்து நின்றன. இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னேன், அவர் வரவில்லை. பிறந்த குழந்தையின் எடை 1,900 கிராம்.

கிராம சுகாதாரச் செவிலியர்:
"அவர் வரவில்லை" என்று ஒரு வரியில் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஸ்கேனுக்கு வருவதென்றால் ஒரு நாள் கூலி போகும். மூன்று மாதம் நிற்கட்டும் என்று கர்ப்பத்தையே வெளியே சொல்லாத வீடுகளில், நாள்கணக்கை உறுதிசெய்யும் 11 வார ஸ்கேனுக்கு எங்கே போவது?

என் பகுதியில் ஒரு பெண்ணுக்கு நாள்கணக்குப்படி 32 வாரத்தில் டேப் வைத்துப் பார்த்தபோது கர்ப்பப்பை உயரம் 27 செ.மீ. மட்டுமே இருந்தது. ஸ்கேனுக்கு அனுப்பினேன். அன்றைய அளவுகளையே கர்ப்பகாலமாக வைத்துப் பிரசவத் தேதியை நான்கு வாரம் தள்ளிப் போட்டு, "வளர்ச்சி இயல்பு" என்று எழுதிக் கொடுத்தார்கள். பிறந்தபோது குறைப்பிரசவம் என்றார்கள். நான் குழந்தையின் காலைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளங்கால் முழுவதும் ரேகை ஓடியிருந்தது. அது நாள் நிறைந்த பிள்ளை.

ஸ்கேன் மருத்துவர்:
செவிலியர் சொல்வது சரி. பிந்தைய ஸ்கேனில் தேதியை மாற்றினால் கருவின் பட்டினி நம் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். ஆனால், "நம் பெண்கள் சிறுத்தவர்கள், நமக்குத் தனி கருவளர்ச்சி அட்டவணை வேண்டும்" என்று எனக்கு வாய்த்த மேலதிகாரி வாதிட்டதுதான் இன்றும் நெருடுகிறது. நாக்பூர் உட்பட உலகின் எட்டு இடங்களில், நல்ல ஊட்டமும் உடல்நலமும் உள்ள தாய்மார்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2014-இல் வெளியான இன்டர்குரோத்-21 ஆய்வு, கருவின் எலும்பு வளர்ச்சி பெரும்பாலும் ஒத்தே இருப்பதாகக் கண்டது. பத்து நாடுகளில் அளந்து 2017-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அட்டவணை நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு என்கிறது, அதை மறுக்கவில்லை. எனினும், மெலிந்த தாய்மாரை மட்டும் அளந்து அதையே இயல்பு என்று வகுப்பது தவறு.

இளையவர்களுக்கு ஒன்று: வயிற்றுச் சுற்றளவை, கருவின் இரைப்பையும் தொப்புள்சிரையின் (தொப்புள்கொடி வழியே கருவுக்கு இரத்தம் கொண்டுவரும் குழாயின்) வளைவும் ஒருசேரத் தெரியும் வட்டமான குறுக்குவெட்டுப் படத்தில்தான் எடுக்க வேண்டும். மெலிந்த தாயின் வயிற்றில் கருவியை அழுத்தினால் வட்டம் முட்டை வடிவாகிவிடும். வளர்ச்சியைப் பார்க்க இரண்டு, மூன்று வார இடைவெளியில் மறுபடி அளக்க வேண்டும். எடைக் கணிப்பு 10 முதல் 15 சதவீதம் பிசகக்கூடும் என்பதையும் தாயிடம் சொல்லிவிட வேண்டும்.

ஒரு தாய்:
எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. "வளர்ச்சி பத்தலை" என்று தாளில் எழுதியிருந்ததை வெளியில் வந்த பிறகுதான் படித்தேன். அதிகம் தின்றால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கடினமாகும் என்று மாமியார் சோற்றைக் குறைத்திருந்தார். அந்தத் தாளை அவரிடம் காட்டாமல் முந்தானையில் முடிந்துகொண்டு, பேருந்து நிலையத்தில் தனியே நான்கு இட்லி தின்றேன்.