புதுப்பிப்பு: 70 மி.மீ. தொலைநோக்கியா, பைனாகுலரா? பைனாகுலரே வாங்கினேன்

வானம் பார்க்க முதல் கருவியாக 70 மி.மீ. (முன்வில்லையின் அகலம்) தொலைநோக்கி வாங்குவதா, பைனாகுலர் போதுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "முதலில் 10×50 பைனாகுலர் (10 மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 50 மி.மீ.), மற்றதெல்லாம் அப்புறம்" என்ற யோசனையை எடுத்துக்கொண்டேன். இரண்டு மாதமாகிறது.

முதல் இரவு ஏமாற்றம்தான். வியாழன் புழுவாக நெளிந்தது. 10 மடங்கு பெரிதாக்கினால் கை நடுக்கமும் 10 மடங்காகத் தெரியும் என்பது அதுவரை உறைக்கவில்லை. கேமரா முக்காலியில் மாட்டச் சொன்னவர் சொன்னதே சரி. பைனாகுலரை முக்காலியோடு பிணைக்கும் எல் வடிவ இணைப்பானைப் போட்டதும் வியாழனின் மூன்று நிலாக்கள் பளிச்சென்று தெரிந்தன; மறுநாள் இடம் மாறியிருந்தன!

எதிர்பாராதது ஒன்று: தலைக்கு நேர் மேலே பார்க்க முக்காலி உதவவே இல்லை, கழுத்து போய்விட்டது. அதற்குச் சாய்வு நாற்காலியில் படுத்து, முழங்கைகளைக் கைப்பிடியில் ஊன்றிக்கொள்கிறேன். கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் முழுசாக ஒரே பார்வையில் அடங்குகிறது. ஓரியன் நெபுலா (ஓரியன் விண்மீன் குழுவில் உள்ள வாயு, தூசு மேகம்) சாம்பல் நிறப் புகை போலத்தான் இருக்கும், படங்களில் வரும் இளஞ்சிவப்பைத் தேடாதீர்கள்.

சனியின் வளையம் இதில் பிரிந்து தெரியாது. அதற்கு 25 மடங்காவது வேண்டும். ஆகவே தொலைநோக்கி ஆசை இன்னும் போகவில்லை.

கண்ணாடி போடுபவர்கள், கண்ணைச் சற்றுத் தள்ளி வைத்தும் முழுக் காட்சி தெரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். நான் பார்க்கவில்லை, ஒவ்வொரு முறையும் கண்ணாடியைக் கழற்ற வேண்டியிருக்கிறது.