ஊற்றுத் தண்ணீர் மடுவில் குளிக்கப் போகிறோம், என்னவெல்லாம் கவனிக்க வேண்டும்?

கேள்வி

வணக்கம். வரும் விடுமுறையில் ஒரு நாள், பாறைகளுக்கு நடுவே ஊற்று சுரந்து நிரம்பியிருக்கும் மடு ஒன்றுக்குக் குடும்பத்தோடு போகலாம் என்றிருக்கிறோம். மகளுக்கு 8 வயது, நீச்சல் குளத்தில் ஓரளவு நீந்துவாள். அம்மாவும் வருகிறார். படங்களில் தண்ணீர் அவ்வளவு தெளிவு, அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணிவிடலாம். கோடையிலும் உடம்பு விறைத்துவிடும் என்று ஒருவர் சொல்கிறார், பனிக்காலத்தில் போனேன் வெதுவெதுப்பாக இருந்தது என்கிறார் இன்னொருவர். எதை நம்புவது? அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா?

பதில் 1

இருவர் சொன்னதும் சரிதான். தண்ணீர் மாறுவதில்லை, வெளியே இருக்கும் வெயிலும் பனியும்தான் மாறுகின்றன. ஆழத்திலிருந்து வரும் நிலத்தடி நீர் பெரும்பாலும் அந்தப் பகுதியின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டியே இருக்கும். ஃபுளோரிடாவின் ஊற்றுகள் பலவும் வருடம் முழுக்க 22 டிகிரி செல்சியஸ் அளவில் இருப்பவை. 35 டிகிரி வெயிலில் வந்து இறங்குகிறவருக்கு அது சுரீரென்று இருக்கும், பனிக்காலையில் இறங்குகிறவருக்கு இதமாக இருக்கும். மலைப்பகுதி என்றால் இன்னும் குளிரும்.

22 டிகிரி என்றதும் அலட்சியம் வேண்டாம். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துவிடும், சிறுபிள்ளைகளுக்கு இன்னும் சீக்கிரம். விளையாட்டு மும்முரத்தில் "எனக்குக் குளிரவே இல்லை" என்றுதான் சொல்வார்கள், நீங்கள் உதட்டைப் பாருங்கள். நிறம் மங்கி நீலம் தட்டினாலோ, தாடை நடுங்கினாலோ, கெஞ்சினாலும் விடாமல் கரையேற்றி, துவட்டி, உலர்ந்த துணி மாற்றி வெயிலில் உட்கார வையுங்கள். துண்டு ஆளுக்கு இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள், முதல் துண்டு அரை மணி நேரத்தில் நனைந்து கனத்துப் போயிருக்கும்.

அப்புறம், குதித்து இறங்கக் கூடாது. குளிர்ந்த தண்ணீர் சட்டென்று மேலே பட்டால் நம்மை அறியாமலே வாயைத் திறந்து மூச்சை இழுப்போம், அந்த நொடியில் தலை உள்ளே இருந்தால் இழுப்பது தண்ணீரைத்தான். கால், முட்டி, இடுப்பு என்று மெதுவாக இறங்கி, முகத்தில் தண்ணீர் அள்ளித் தெளித்துக்கொண்டு, ஒன்றிரண்டு நிமிடத்தில் மூச்சு சீரானதும் நீந்துங்கள். அம்மாவுக்கு இதயத் தொந்தரவோ ரத்த அழுத்தமோ இருந்தால் காலை நனைத்துக்கொண்டு உட்காருவதே போதும்.

பதில் 2

மேலே சொன்னதோடு இன்னொன்று. தெளிந்த தண்ணீர் ஆழத்தைக் குறைத்துக் காட்டும். நேர் மேலே நின்று பார்த்தாலே உண்மை ஆழத்தில் முக்கால் பங்குதான் தெரியும், கரையிலிருந்து சாய்வாகப் பார்த்தால் அதைவிடவும் குறைவு. நான் ஒரு மடுவில் என் மகன் கையைப் பிடித்து நடந்துகொண்டிருந்தேன், அடுத்த பாறையும் இடுப்பளவில்தான் தெரிந்தது, காலை எடுத்து வைத்தேன், கழுத்து வரை போய்விட்டது. அவன் என் தோளைப் பற்றிக்கொண்டதால் தப்பித்தோம். பாறை மேல் படிந்த பாசி வெல்வெட் மாதிரி மெத்தென்று இருக்கும், அதில் பாதம் நிற்கவே நிற்காது. நல்ல பிடிப்புள்ள செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், மகளுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டுங்கள். காற்றடைத்த வளையத்தை நம்ப வேண்டாம்.

தண்ணீர் வெளிவரும் குகை வாய் தெரிந்தால் எட்டிப் பார்ப்பதோடு சரி. உள்ளே நுழைந்தால் மேலே பாறை, மூச்சுக்கு நேராக எழும்ப வழி கிடையாது.

பதில் 3

குடிக்காதீர்கள். சுண்ணாம்புப் பாறைப் பகுதியில் மழைத்தண்ணீர் வெடிப்புகள் வழியாக நேரே உள்ளே இறங்கிவிடும், மண்ணில் வடிகட்டப்படாது. கண்ணுக்குத் தெளிவாக இருந்தாலும் கிருமி இருக்கலாம். பெருமழை பெய்த அடுத்த ஓரிரு நாள் போகவே வேண்டாம், கலங்கலில் அடியும் தெரியாது.

சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதுவும் வேண்டாம். வெயிலுக்குக் களிம்பு பூசுவதைவிட முழுக்கைச் சட்டை போடுவது மேல், பூசியதில் ஒரு பகுதி தண்ணீரில் கரைந்து நத்தைக்கும் மீனுக்கும்தான் போய்ச் சேரும். இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு.

கேட்டவர்

மூன்று பேருக்கும் மிக்க நன்றி. அம்மாவுக்கு ரத்த அழுத்தம் உண்டு, கரையில் நிழலாகப் பார்த்து உட்கார வைக்கிறேன். காலையிலேயே போவது நல்லதா?

பதில் 2

ஆமாம், ஆட்கள் இறங்கி வண்டலைக் கிளப்புவதற்கு முன் போய்விடுங்கள். நீச்சல் கண்ணாடியை மறக்க வேண்டாம். மணல் தரையில் ஊற்றுக்கண் இருந்தால், உலை கொதிப்பது போல மணல் பொங்கிப் பொங்கி அடங்கும். மகளை ஓரமாகப் படுக்க வைத்து முகத்தை மட்டும் நீருக்குள் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.