புதுப்பிப்பு: பூடுவார் படப்பிடிப்பு முடிந்தது

நாற்பது வயதில் எனக்காக மட்டும் ஒரு பூடுவார் படப்பிடிப்பு, அதாவது குறைந்த உடையில் எடுத்துக்கொள்ளும் அந்தரங்கமான புகைப்படங்கள், செய்துகொள்வது வீண் ஆசையா என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். படங்கள் இப்போது கைக்கு வந்துவிட்டன. பெண்ணின் தனியறையைக் குறிக்கும் ‘பூடுவார்’ என்ற பிரெஞ்சுச் சொல், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதைச் சொல்லும் வினையிலிருந்து பிறந்தது என்பதால், முதல் அரை மணி நேரம் நான் உர்ரென்று இருந்தது பொருத்தம்தான்.

என் எழுத்துபூர்வ ஒப்புதலின்றிப் படங்களை எங்கும் வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையை, நீங்கள் அறிவுறுத்தியபடி, முன்பணம் கட்டுவதற்கு முன்பே ஒப்பந்தத்தில் சேர்க்கச் செய்தேன். ஃபிளாஷ் பயன்படுத்தவில்லை, வெள்ளைத் திரையிட்ட சன்னலின் பக்கவாட்டு வெளிச்சம் மட்டுமே. அகலக்கோண லென்ஸை நெருக்கத்தில் வைத்தால் கேமராவுக்கு அருகிலுள்ள கையோ காலோ பெருத்துத் தெரியும் என்பதால், புகைப்படக் கலைஞர் 85 மி.மீ. லென்ஸுடன் தள்ளி நின்றே எடுத்தார்.

அடிவயிற்றிலுள்ள சிசேரியன் தழும்பைக் கணினியில் நீக்கித் தரட்டுமா என்று அவர் கேட்டபோது, பத்து ஆண்டுகளாக நானே பார்க்காமல் தவிர்த்துவந்த அந்தக் கோட்டை அப்படியே விட்டுவிடச் சொன்னது எனக்கே வியப்பாக இருந்தது. சட்டை விலகியிருக்க, தழும்பின் மேல் வெளிச்சம் மெல்லிய இழைபோல விழுந்திருக்கும் அந்தப் படத்தைத்தான் பெரிதாக அச்சிடக் கொடுத்திருக்கிறேன்.

கணவரிடம் காட்டுவீர்களா என்று கேட்டவர்களுக்கு: இன்னும் முடிவு செய்யவில்லை.