மூணாவது சீட்டுக்கு அர்த்தம் சொல்ல விடலை

பெங்களூருல பொது இடத்துல டாரட் சீட்டு (படம் போட்ட சீட்டை எடுக்கச் சொல்லிக் குறி சொல்றது) பார்க்கிறவங்க யாராவது இருந்தா, சாமி பேரைச் சொல்லி யாராவது திட்டின அனுபவம் இருந்தா எழுதுங்க. என்னோடதை முதல்ல சொல்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில கப்பன் பார்க்ல மூங்கில் புதர் பக்கமா அம்மாவோட பழைய சுங்குடிச் சேலைத் துண்டை விரிச்சு உட்கார்ந்திடுவேன். காசு வாங்குறதில்லை. சாவு, நோய், கோர்ட் கேஸ் இந்த மூணுக்கும் சீட்டு எடுக்க மாட்டேன்னு முன்னாடியே சொல்லிடுவேன். நாலு வருஷமா இப்படித்தான்.

போன மார்கழியில ஒரு பொண்ணு வந்தா. இருபத்திரண்டு வயசு இருக்கும். திருப்பத்தூர்ப் பக்கம் ஊர், இங்க பி.ஜி.ல தங்கி வேலை பார்க்குறா. நான் தோழிகிட்ட தமிழ்ல பேசுறதைக் கேட்டுத்தான் கிட்ட வந்திருக்கா. செருப்பைக் கழட்டி ஓரமா வச்சுட்டு உட்கார்ந்தவ, அரை மணி நேரம் சீட்டைத் தொடவே இல்லை. பேசிக்கிட்டே இருந்தா. வேலையை விட்டுட்டு ஊருக்கே போயிடலாமாங்கிறதுதான் கேள்வி. வீட்ல யார்கிட்டயும் அதைக் கேட்க முடியாதாம்.

மூணு சீட்டு எடுக்கச் சொன்னேன். முதல் ரெண்டையும் பேசி முடிச்சோம். மூணாவதைத் திருப்பினா பதிமூணாம் நம்பர். கறுப்புக் கவசம் போட்ட எலும்புக்கூடு வெள்ளைக் குதிரை மேல வரும், பேரே மரணம். அவ முகம் மாறிடுச்சு. அது எல்லாருக்கும் நடக்குறதுதான், அடுத்த வார்த்தையில சரியாகிடும். அந்த அடுத்த வார்த்தையைத்தான் என்னால சொல்ல முடியாமப் போச்சு.

நெத்தி நிறைய விபூதியோட, அறுபது தாண்டின பெரியவர் ஒருத்தர். எவ்வளவு நேரமா நின்னு பார்த்தாரோ! "ஏம்மா, எலும்புக்கூட்டைக் காட்டி வயசுப் புள்ளைய பயமுறுத்துறியே, நம்ம கோயில்ல சாமி இல்லையா? வெள்ளைக்காரன் சூனியத்தைக் கொண்டாந்து விரிச்சு வச்சிருக்க"ன்னார். அதோட விட்டிருந்தா பரவாயில்லை. அவ பக்கம் திரும்பி, "உங்கப்பன் நம்பரைக் குடு, நான் பேசுறேன்"னார்.

அவ எழுந்துட்டா. செருப்பைப் போடக்கூட நிக்கலை, கையில எடுத்துட்டு புல்லு மேலயே விறுவிறுன்னு போயிட்டா.

நான் என்ன பண்ணேன் தெரியுமா? அந்தப் பெரியவருக்கு விளக்கம் சொல்லிட்டிருந்தேன். ஐயா, இது 15-ம் நூற்றாண்டுல இத்தாலியில விளையாடின சீட்டு, இதை வச்சுக் குறி பார்க்கிறது 18-ம் நூற்றாண்டுல பிரான்ஸ்ல பரவினது, என் கையில இருக்கிற கட்டு 1909-ல வந்தது, படம் வரைஞ்சது பமீலா கோல்மன் ஸ்மித்னு ஒரு பெண், இதுல சூனியம் எங்க இருக்குன்னு. அவ்வளவும் உண்மைதான். ஆனா அந்த நேரத்துல நான் அந்தப் பொண்ணு பின்னாடி ஓடியிருக்கணும்.

அம்மாகிட்ட சொன்னேன். அவங்களுக்கும் இது பிடிக்காது. அண்ணன் கல்யாணத்துக்குக் குலதெய்வக் கோயில்ல பூக்கட்டிப் போட்டு, சின்னக் குழந்தையை விட்டுப் பொட்டலத்தை எடுக்கச் சொல்லி, வெள்ளைப் பூ வந்தப்புறம்தான் சம்பந்தம் பேசினவங்க. அதுக்கும் இதுக்கும் என்னம்மா வித்தியாசம்னு கேட்டேன். "அங்க சாமி சொல்லுது. இங்க நீ சொல்ற"ன்னாங்க.

அவங்க சொன்னது சரின்னு எனக்குப் படுது. நான்தான் சொல்றேன், அதனால பாதியில விட்டதும் என் பொறுப்புதான். திட்டு எனக்கு, ஆனா தலைகுனிஞ்சு போனவ அவ. அந்த எலும்புக்கூட்டை மட்டும் மனசுல வச்சுக்கிட்டு எத்தனை ராத்திரி படுத்தாளோ. இப்போ வர்றவங்களை மரத்தைப் பார்த்து உட்கார வைக்கிறேன், ஆள் நடக்குற வழியைப் பார்த்து நான் உட்கார்றேன். ஒவ்வொரு ஞாயிறும் அவ வர்றாளான்னு கண்ணு தேடுது.

ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒருவர்:

எங்க அபார்ட்மென்ட் தீபாவளி மேளாவுல பணம் கட்டித்தான் மேசை போட்டேன். ஒரு மணி நேரத்துல எடுக்கச் சொல்லிட்டாங்க, பண்டிகையும் அதுவுமா அபசகுனமாம். பக்கத்து மேசையில நியூமராலஜி, அதுக்கு வரிசை கட்டி நிக்கிறாங்க. பில்லி சூனியத் தடைச் சட்டத்துல போலீஸ்ல சொல்வேன்னு ஒருத்தர் மிரட்டினார். கர்நாடகத்துல 2017-ல நிறைவேறின சட்டம் அது. அன்னைக்கு ராத்திரியே உட்கார்ந்து படிச்சேன். எச்சில் இலையில உருள வைக்கிற மாதிரி மனுஷனை இழிவுபடுத்துற, வதைக்கிற காரியங்களுக்கு எதிரானது. ஜோசியத்துக்கும் வாஸ்துவுக்கும் அதுல விலக்கு இருக்கு. பயம் போயிடுச்சு. கோபம் இன்னும் போகலை.

ஃப்ரேசர் டவுனிலிருந்து ஒருவர்:

சிஸ்டர், நான் மறுபக்கத்துல நின்னவ. உபாகமம் 18-ம் அதிகாரம் குறிசொல்லுகிறவனும் நாள்பார்க்கிறவனும் கூடாதுன்னு சொல்லுது. அது எனக்கு வேதம், அதுல நான் மாற மாட்டேன். ரெண்டு வருஷம் முன்னாடி சர்ச் ஸ்ட்ரீட்ல சீட்டு வச்சிருந்த ஒரு பையன் முன்னாடி நின்னு சத்தமா ஜெபம் பண்ணேன். அவனுக்கு எதிர்ல ஒரு அம்மா அழுதுட்டு உட்கார்ந்திருந்தாங்க. அவங்க பேரைக்கூடக் கேட்காமத்தான் ஜெபம் பண்ணியிருக்கேன். உங்க பதிவைப் படிச்சதுல இருந்து அந்த அம்மா முகம்தான் வருது. நான் சீட்டு பார்க்கப் போறதில்லை. ஆனா அந்தப் பொண்ணுகிட்ட நீங்க என்ன சொல்லியிருப்பீங்கன்னு தெரிஞ்சுக்கணும்.

முதலில் எழுதியவர்:

படத்தை உத்துப் பார்க்கச் சொல்லியிருப்பேன் சிஸ்டர். குதிரைக்குக் கீழே ராஜா விழுந்து கிடக்கிறார். ஒரு பொண்ணு முகத்தைத் திருப்பிக்கிறா. ஒரு சின்னக் குழந்தை மட்டும் குதிரையை நிமிர்ந்து பார்க்குது. தூரத்துல ரெண்டு கோபுரத்துக்கு நடுவுல சூரியன் இருக்கு. ஒண்ணு முடியுதுன்னுதான் இந்தச் சீட்டுக்கு அர்த்தம், உயிர் போறதுன்னு இல்லை. இதைச் சொல்லிட்டு, "வேலையை விடணும்னு நினைக்கிறது நீயா, இல்ல வேற யாராவது விட வைக்கிறாங்களா?"ன்னு அவகிட்ட கேட்டிருப்பேன்.